ஆலை ஆரின்ர, பேர் ஆரின்ர: வடமராட்சி வாசகிக்குப் பதில்

கடிதம் எழுதின தங்கச்சிக்கு,

உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். மற்ற வாசகர்களுக்கும் விளங்கவேணும் எண்டதால ஊர் பேர் எல்லாம் விட்டிட்டுச் சுருக்கமாச் சொல்லுறன். அப்பா தொடங்கின பனங்கள்ளு போத்தல் அடைக்கிற ஆலை, பிரைவேட் லிமிட்டட் கம்பனி. அப்பா போனாப்பிறகு ஐஞ்சு பிள்ளையளுக்கும் ஆளுக்கு 20 வீதப் பங்கு. ரெண்டு பேர் ரொறொன்ரோவில, ஒராள் லண்டனில, நீங்களும் கடைசித் தம்பியும் இஞ்ச. ஆலையை நடத்துறது நீங்கள். சீவுற ஆக்கள் குறைஞ்சு, போத்தல் விலை ஏறி, மெசின் பழசாகி, ரெண்டு மூண்டு வருசமா கையைக் கடிக்குது. இப்ப கொழும்புக் கம்பனி ஒண்டு வெளிநாட்டில இருக்கிற மூண்டு பேரின்ர 60 வீதத்தையும் வாங்கக் கேக்குது, பேரும் மாறாது ஆலையும் மாறாது நீங்களே மனேச்சரா இருக்கலாம் எண்டு சொல்லுகினம். ஆலை நிக்கிறது அம்மான்ர சீதனக் காணியில. உங்கட கேள்வி மூண்டு: என்னால மறிக்கேலுமோ, மறிக்கத்தான் வேணுமோ, அவை சொல்லுறதை நம்பலாமோ.

நான் கணக்காளர், வழக்கறிஞர் இல்லை, ஆனா இப்பிடிக் குடும்பக் கம்பனியள் கைமாறுற நேரம் கணக்குப் புத்தகத்தோட பக்கத்தில இருந்து பாக்கிறது என்ர தொழில். அதால கடைசிக் கேள்வியில இருந்து தொடங்குறன்.

கொழும்புக்காரர் பொய் சொல்லுகினம் எண்டு நான் நினைக்கேல்ல. இண்டைக்கு உங்களோட கதைக்கிற ஆள் உண்மையிலேயே ஆலையை மாத்திற எண்ணமில்லாமலே இருக்கலாம். ஆனா அவர் அந்தக் கதிரையில எத்தினை வருசம் இருப்பார், அந்தக் கம்பனியையே நாளைக்கு வேற ஆரும் வாங்கினா வாறவருக்கு இவர் சொன்ன வாக்கு என்னத்துக்கு? பியர் ஆலையளின்ர கதையளைப் பாத்தா இதுதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கு. ஊர் ஆலையை முதல்ல வாங்கினவன் மூடாட்டியும், ரெண்டாவதா மூண்டாவதா வாங்கினவன் மூடலாம், அவனுக்கு அந்த ஊரில ஒரு மனிசரையும் தெரியாது.

இங்கிலாந்தில மான்செஸ்டர் நகரத்தில பொடிங்டன்ஸ் எண்டு ஒரு பியர், ஸ்ட்ரேஞ்ச்வேஸ் எண்ட இடத்தில 1778ல தொடங்கின ஆலை. அதை வைச்சிருந்த பொடிங்டன் குடும்பம் லேசில விட்டுக்குடுக்கேல்ல, 1970ஐ ஒட்டின காலத்தில அலைட் எண்ட பெரிய கம்பனி வலுக்கட்டாயமா வாங்க வந்த நேரம் எதிர்த்து நிண்டு தப்பினவை. பிறகு 1989ல அவையே ஆலையையும் பேரையும் விட்பிரெட் கம்பனிக்கு 5 கோடி பவுணுக்கு மேல வித்துப்போட்டு மதுச்சாலைகளை மட்டும் தங்களோட வைச்சுக்கொண்டினம். வாங்கினவை தொடக்கத்தில நல்லாத்தான் செய்தவை, அதையும் நேர்மையாச் சொல்லவேணும், தொண்ணூறுகளில டிவி விளம்பரம் போட்டு நாடு முழுக்கக் கொண்டு போனவை. விளம்பரம் முழுக்க மான்செஸ்டர் மான்செஸ்டர் எண்டு அந்த ஊர்ப் பெருமையை வைச்சுத்தான். பிறகு 2000ல விட்பிரெட் தன்ர பியர் வியாபாரம் முழுக்க பெல்ஜியத்து இன்டர்புரூவுக்கு வித்திட்டுது. இப்ப ஆலை இருக்கிற ஊரில ஒருத்தரும் முடிவெடுக்கேல்ல, விட்பிரெட்டும் இல்லை, எங்கயோ ஒரு மேசையில எத்தினை ஆலை இருக்கு எத்தினை வேணும் எண்டு எண்ணிப் பாக்கினம். 2005ல ஸ்ட்ரேஞ்ச்வேஸ் மூடியாச்சு, தொழிலாளர் எதிர்த்தும் ஒண்டும் நடக்கேல்ல, 2007ல கட்டடத்தையும் இடிச்சாச்சு. பேர் மட்டும் டின்னில இருந்துது, காய்ச்சினது வேற ஊர்களில. பீப்பாயில போற பியரை மான்செஸ்டரிலயே இன்னொரு ஆலை கொஞ்சக் காலம் காய்ச்சிக் குடுத்துது, அதுவும் 2012ல நிண்டிட்டுது.

அந்த விட்பிரெட்டைப் பற்றி இன்னொண்டும் சொல்லவேணும், ஏனெண்டா உங்கட கடிதத்தில "எங்களைப் பாதுகாக்கத்தான் வாறம் எண்டு சொல்லுகினம்" எண்டு ஒரு வரி இருக்கு. ஐம்பதுகளில சின்னச் சின்ன ஊர் ஆலையள் விட்பிரெட்டிட்ட சின்னப் பங்கொண்டு குடுத்து வைச்சிருந்தவை, வேற ஆரும் வலிஞ்சு வாங்க வந்தா இவை காப்பாத்துவினம் எண்டு, அதுக்குப் பேரே குடை. பிறகு அறுபதுகளில குடைக்குக் கீழ நிண்ட ஆலையளை விட்பிரெட்டே ஒண்டொண்டா வாங்கினது. ஃபிளவர்ஸ் எண்ட ஆலையை 1962ல வாங்கி 1968ல மூடிச்சினம். பேரைத் தூக்கிக்கொண்டுபோய் வேற இடத்தில காய்ச்சினம்.

எங்கட நாட்டிலயும் பாருங்கோ. நுவரெலியாவில சாமுவேல் பேக்கர் காலத்தில, 1849ல தொடங்கின பியர் ஆலைதான் இண்டைக்கு லயன் பியரின்ர மூலம். 1998ல பியகமவில புது ஆலை வந்தாப்பிறகு உற்பத்தி அங்க போயிட்டுது. கம்பனி நல்லா வளந்துது, பங்கு வைச்சிருந்தவைக்கு நட்டமே இல்லை. ஆனா மலையில அந்தத் தண்ணியில காய்ச்சின ஆலை இல்லாமப் போச்சு. பிறகு 2014ல அதே லயன் கம்பனி கார்கில்ஸ் குழுவின்ர மில்லர்ஸ் பியர் வியாபாரத்தை 500 கோடி ரூபாவுக்கு மேல குடுத்து வாங்கிச்சுது. இதில ஆரும் கெட்டவை எண்டு நான் சொல்ல வரேல்ல. பெரிய கம்பனிக்குப் பேரும் சந்தையும் பெறுமதி, ரெண்டாவது ஆலை செலவு. உங்கட ஆலை அவையின்ர கணக்கில எந்தப் பக்கம் எழுதப்படும் எண்டதைத்தான் நீங்கள் யோசிக்கவேணும்.

உங்கட விசயத்தில ஒரு வித்தியாசம் இருக்கு, அது உங்களுக்குப் பலமும் ஆபத்தும். பியருக்கு வேண்டின மோல்ட்டை, அதாவது முளைக்க வைச்சுக் காயவைச்ச பார்லியை, கப்பலில கொண்டுவந்து எங்கயும் காய்ச்சலாம். பனங்கள்ளு அப்பிடி இல்லை. விடிய முட்டி இறக்கின கையோட நுரைக்கத் தொடங்குது, ஆலை வாசலில கான் வரிசையா நிக்கேக்க மூடியைத் திறந்தா புஸ்ஸெண்டு நுரை தள்ளும், ஒராள் அளந்து ஊத்த மற்றாள் ஒவ்வொண்டாப் புளிப்புப் பாத்து ஒதுக்கவேணும், கொஞ்சம் பிந்தி வந்த கானை அப்பிடியே தள்ளி வைக்கவேண்டி வரும். அதைச் சூடாக்கிப் போத்தல் அடைச்சாத்தான் நிக்கும். அதால சீவுற மரமும் ஆலையும் பக்கத்தில பக்கத்தில இருக்கவேணும், அதைவிட வருசத்தின்ர முதல் பாதியிலதான் பனை நல்லாத் தரும், மற்ற மாதங்களில மெசின் சும்மா கிடக்கும். இதை ஒரு கொழும்புக் கணக்காளர் பாத்தால் முதல் கேக்கிற கேள்வி, ஏன் தென்னங்கள்ளைச் சேர்க்கக் கூடாது எண்டு. வடமேல் பக்கம் தென்னங்கள்ளு வருசம் முழுக்க எடுக்கலாம், ஆலையும் அங்கயே வைக்கலாம், லேபிளில உங்கட அப்பா வைச்ச பேர், பனைமரப் படம், உள்ளுக்க வேற சாமான். பேர் மாறாது எண்டு சொன்ன வாக்கும் பொய்யாகாது. எனக்கு இதுதான் பெரிய பயம், ஆலை மூடுறதைவிட.

இனி சட்டத்துக்கு வாறன். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் கை குடுக்குது, ஆனா நீங்கள் நினைக்கிற இடத்தில இல்லை. முதல்ல அப்பா கம்பனி பதிஞ்ச நேரம் போட்ட ஆர்ட்டிக்கிள்ஸ், அதாவது கம்பனியின்ர உள்விதிகளை எடுங்கோ. அதில "பங்கை வெளியாளுக்கு விக்க முதல் மற்றப் பங்காளருக்குக் குடுத்துப் பாக்கவேணும்" எண்டோ "டிரெக்டர்மார் சம்மதிக்காட்டி மாத்த ஏலாது" எண்டோ ஒரு வரி இருந்தா உங்கட நிலைமையே வேற. அப்பிடி ஒண்டும் இல்லையெண்டா அண்ணா அக்காமார் மூண்டு பேரும் உங்களைக் கேக்காமலே விக்கலாம். நிறையப் பேர் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம், எங்களைக் காப்பாத்தும் எண்டு நினைக்கினம். காணியில கூட்டுச் சொந்தக்காரரிட்ட முதல்ல கேக்கவேணும் எண்ட உரிமை தேசவழமையில இருக்கிறது உண்மை, 1947இல அதுக்கெண்டு தனிச் சட்டமே வந்தது, ஆனா அது காணிக்கு, கம்பனிப் பங்குக்கு வராது.

இன்னொண்டு, அப்பான்ர பங்குகள் உங்கள் ஐஞ்சு பேரின்ர பேருக்கும் உண்மையாவே மாத்தி எழுதப்பட்டிருக்கோ? பங்குப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கோ. எத்தினையோ குடும்பங்களில வாயால பிரிச்சுப் போட்டு லாபத்தையும் பிரிச்சுக்கொண்டு வந்திருப்பினம், புத்தகத்தில இன்னும் அப்பா பேர்தான் கிடக்கும். செத்தவரின்ர சொத்தை உரித்தாளருக்குக் குடுக்கிற மரணசாசன வழக்கு முடியாட்டி அண்ணா அக்காமாரால இண்டைக்கு ஒண்டையும் விக்கேலாது, வாங்கிறவையின்ர வழக்கறிஞரும் முதல்ல அதைத்தான் கேப்பார்.

சரி, எல்லாம் ஒழுங்கா இருந்து 60 வீதம் போயிட்டுது எண்டு வையுங்கோ. அப்ப என்ன நடக்கும்? அரைவாசிக்கு மேல வாக்கோட நிறைவேறுற சாதாரணத் தீர்மானம் எல்லாம் அவையின்ர கையில. டிரெக்டர்மாரை அவை போடுவினம், உங்களை மனேச்சராக வைக்கிறதும் எடுக்கிறதும் அவை. உற்பத்தியை வேற இடத்துக்குக் கொண்டுபோறதுக்குப் பங்காளர் கூட்டமே தேவைப்படாமல் இருக்கலாம், டிரெக்டர் சபை ஒரு பின்னேரத்தில முடிவெடுக்கலாம். ஆனா உள்விதிகளை மாத்திறதுக்கும், கம்பனியின்ர சொத்தில அரைவாசிக்கு மேல விக்கிற மாதிரிப் பெரிய கொடுக்கல் வாங்கலுக்கும், அது 185ஆம் பிரிவு, விசேட தீர்மானம் வேணும், அதுக்கு 75 வீத வாக்கு. அவையிட்ட இருக்கிறது 60. உங்களிட்டயும் தம்பியிட்டயும் சேத்து 40. ரெண்டு பேரும் ஒண்டா நிண்டா அதுகள் ஒண்டும் நடக்காது.

இப்ப கவனமாக் கேளுங்கோ. தம்பி தன்ர 20ஐ வித்தால் அவையிட்ட 80, நீங்கள் தனிய 20, எதையும் மறிக்கேலாது. வாங்க வாறவைக்கு இது தெரியும். 60 வாங்கி முடிஞ்ச கையோட தம்பியிட்டத்தான் வருவினம், அப்ப அந்தக் கடைசி 20க்கு நல்ல விலையும் சொல்லுவினம். உங்கட கடிதத்தில தம்பியைப் பற்றி ஒரே ஒரு வரிதான், அவன் கார் வாங்கக் காசு கேட்டுக்கொண்டிருக்கிறான் எண்டு. தங்கச்சி, இந்தக் கதை முழுக்க அவனிலதான் தொங்கிக்கொண்டிருக்கு. கொழும்புக்காரரோட கதைக்க முதல் அவனைக் கூப்பிட்டு இருத்திக் கணக்கைக் காட்டுங்கோ, அவனுக்கு நியாயமா வரவேண்டிய லாபப்பங்கு வராமல் கிடந்தா அதைத் தீருங்கோ, ரெண்டு பேரும் ஒராளைக் கேக்காமல் மற்றாள் விக்கிறேல்ல எண்டு எழுத்தில ஒரு உடன்படிக்கை போடுங்கோ. சகோதரத்துக்குள்ள எழுத்தோ எண்டு வெக்கப்படாதேங்கோ, எழுத்து இருந்தாத்தான் சகோதரம் நிக்கும்.

புதுப் பங்கு வெளியிட்டு உங்கட 40ஐக் கரைக்கப் பாக்கிறதும் நடக்கும். சட்டத்தின்ர 53ஆம் பிரிவு, புதுப் பங்கை முதல்ல இருக்கிற பங்காளருக்கு அவையவையின்ர விகிதப்படி குடுக்கவேணும் எண்டு சொல்லுது, உள்விதிகள் வேற மாதிரிச் சொல்லாட்டி. அதால அந்த வரியையும் பாருங்கோ. ஆனா அந்த உரிமையைப் பாவிக்க உங்களிட்டக் காசு இருக்கவேணும், இல்லாட்டி உரிமை பேருக்குத்தான். மற்றது, சில வகை விசேட தீர்மானத்தில எதிர்த்து வாக்குப் போட்டுத் தோத்துப்போனா 93ஆம் பிரிவின் கீழ உங்கட பங்கை நியாய விலைக்குக் கம்பனியே வாங்கவேணும் எண்டு கேக்கலாம், அடக்குமுறையா நடத்தினா நீதிமன்றத்துக்கும் போகலாம். இதெல்லாம் கடைசி வழி, வருசக்கணக்கில இழுபடும், அதை நம்பி இப்ப அசட்டையா இருக்கவேண்டாம்.

பேருக்கு வருவம். அப்பா வைச்ச அந்தப் பேர் ஆரின்ர? 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ வியாபாரக் குறி எண்டு பதிஞ்சிருக்கோ, பதிஞ்சிருந்தா கம்பனி பேரிலயோ அப்பா பேரிலயோ, 10 வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கவேணும், புதுப்பிச்சதோ? அப்பா பேரில இருந்தா அது கம்பனிச் சொத்தே இல்லை, அவரின்ர உரித்தாளருக்கு வரும், 60 வீதப் பங்கை வாங்கினவனுக்குப் பேர் தானாப் போகாது. அதுதான் உங்கட கையில இருக்கிற நல்ல துருப்பு. ஆனா அந்த உரித்தாளரில வெளிநாட்டில இருக்கிற மூண்டு பேரும் அடங்குவினம், அதையும் மறக்கவேண்டாம். பதியவே இல்லையெண்டா நாளைக்கே அலுவலைத் தொடங்குங்கோ, அவை முந்திப் பதிஞ்சிட்டா பிறகு இழுபறிதான். பேர் கம்பனியின்ர இல்லையெண்டா என்ர ஆலோசனை, அதைக் கம்பனிக்கு விக்கவேண்டாம், பாவிக்க அனுமதி குடுங்கோ, அந்த அனுமதிப் பத்திரத்தில சொல்லுங்கோ: இந்தப் பேரில போற போத்தலுக்குள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில சீவின பனங்கள்ளு மட்டும்தான் இருக்கலாம், அடைக்கிறதும் இஞ்சதான், மீறினா அனுமதி இல்லை. வாக்கைப் பேப்பரில கொண்டுவாறது எண்டா இதுதான்.

காணி அம்மான்ர எண்டபடியா அதுவும் ஒரு பலம். கம்பனிக்கும் அம்மாவுக்கும் இடையில நொத்தாரிசு எழுதின குத்தகை இருக்கோ? ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு உறுதியில இருக்கவேணும், வாய்ப்பேச்சு நிக்காது. ஒண்டும் இல்லாட்டி இப்ப நீண்டகாலக் குத்தகை குடுக்கவேண்டாம், விக்கவும் வேண்டாம். வாங்கிறவை இஞ்ச கள்ளு அடைக்கிற வரைக்கும் குத்தகை, நிப்பாட்டினா காணி அம்மாவுக்கு எண்டு எழுதலாம். அம்மாவுக்கு வயசு போயிட்டுது எண்டு எழுதியிருக்கிறியள், அதால அவவின்ர விருப்பத்தையும் வேளைக்கே கேட்டு எழுதி வைக்கிறது நல்லது, அவவிட்ட ஆரும் வெத்துத் தாளில கையெழுத்து வாங்காமலும் பாருங்கோ.

மதுவரி லைசென்சைப் பற்றி மட்டும் சுருக்கமா. அது வருசா வருசம் புதுப்பிக்கிறது, டிரெக்டரும் பங்கும் மாறினா என்ன செய்யவேணும் எண்டு திணைக்களத்திட்ட எழுத்தில கேட்டு வையுங்கோ. வாங்க வாறவைக்கு உங்கட மெசினைவிட லைசென்ஸ்தான் கண்ணில நிக்குதோ எண்டும் யோசிச்சுப் பாருங்கோ.

இனி மறிக்கத்தான் வேணுமோ எண்ட கேள்வி. இதில நான் உங்கட பக்கம் மட்டும் நிண்டு கதைக்க ஏலாது. அண்ணா அக்காமார் வெளிநாட்டில இருந்துகொண்டு ஆலையில பாசமில்லாமல் விக்கினம் எண்டு கோவப்பட்டு எழுதியிருக்கிறியள். அவைக்கு இவ்வளவு வருசமா லாபமெண்டு ஒரு சதமும் போகேல்ல எண்டும் அதே கடிதத்தில இருக்கு. அது அவையின்ர காசு, அவையும் அங்க வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிற ஆக்கள்தான். ஆலை இறங்கத் தொடங்கினது கொழும்புக்காரர் வர முதலே, அதையும் ஒத்துக்கொள்ளவேணும். மெசினுக்குக் காசு போடாமல், சீவுற ஆக்களுக்குச் சீசன் இல்லாத மாதங்களில ஒரு வழியும் பாக்காமல் விட்டா, ஆர் வைச்சிருந்தாலும் நிக்காது. எங்கட பகுதியில இது புதுப் பிரச்சினையும் இல்லை, எழுபதுகளில தவறணை, அதாவது கள்ளுக்கடை, குத்தகை முறை போய் சீவல் தொழிலாளரின்ர கூட்டுறவுச் சங்கங்கள் வந்த காலத்தில இருந்து, 1978ல பனை அபிவிருத்திச் சபை வந்தது தொட்டு, ஆரின்ர கையில இருக்கவேணும் எண்டு கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறம், பனஞ்சாராயம் வடிக்கிற திக்கம் வடிசாலையிலயும் அந்த வாதம்தான் நடந்தது. எனக்குத் தெரிஞ்ச மட்டில ஆர் சொந்தக்காரர் எண்டதைவிட, வருசா வருசம் ஆர் காசு போடுகினம், ஆர் முடிவெடுக்கினம் எண்டதுதான் ஆலையை வாழவைக்கிறதும் கெடுக்கிறதும்.

அதால முழுசா மறிக்கிறதைவிட வேற மாதிரிக் கேளுங்கோ எண்டு சொல்லுவன். டென்மார்க்கில கார்ல்ஸ்பெர்க் பியரைத் தொடங்கின ஜேக்கப்சன் 1876ல ஒரு அறக்கட்டளை வைச்சவர். இண்டைக்கு அந்த அறக்கட்டளையிட்ட இருக்கிற மூலதனம் மூண்டில ஒண்டுக்குக் கிட்டத்தான், ஆனா வாக்கில நாலில மூண்டு பங்கு அளவுக்கு அவையிட்ட. உலகம் முழுக்க ஆக்கள் பங்கு வாங்கிக் காசு போடுகினம், ஆனா அறக்கட்டளையை மீறி ஒருத்தரும் கம்பனியைத் தூக்கிக்கொண்டு போகேலாது. எங்கட கம்பனிச் சட்டத்திலயும் வாக்குரிமை கூடின, குறைஞ்ச, இல்லாத பங்கு எண்டு வெவ்வேறு வகை வைச்சிருக்கலாம், உள்விதிகளில இடம் இருந்தாக் காணும். கொழும்புக்காரருக்கு லாபத்தில 60 வீதம் வேணுமெண்டா குடுக்கலாம், வாக்கு 49க்கு மேல வேண்டாம் எண்டு கேட்டுப் பாருங்கோ. இல்லை, 60ம் வாக்கோடதான் வேணும் எண்டு நிண்டா, ஒரு பட்டியல் எழுதி இந்த விசயங்கள் உங்கட சம்மதம் இல்லாமல் நடக்கக் கூடாது எண்டு கேளுங்கோ: உற்பத்தி இடம், போத்தலுக்குள்ள போற கள்ளு, பேர், புதுப் பங்கு, பெரிய கடன். அதை வெறும் உடன்படிக்கையில மட்டும் எழுதினா அவை வேற ஆருக்கும் வித்தாப்பிறகு வந்தவன் நான் கையெழுத்து வைக்கேல்ல எண்டு சொல்லுவான், அதால உள்விதிகளிலயும் ஏத்தவேணும். பிறகு மாத்திறதெண்டா 75 வேணும், அங்கதான் திரும்பவும் தம்பி. அதோட அவை திரும்ப விக்கிற நாளில முதல்ல உங்களிட்டக் கேக்கவேணும் எண்ட வரி கட்டாயம், மான்செஸ்டரில ஆலை மூடினது ரெண்டாந்தரம் கைமாறினாப்பிறகுதான்.

வாங்க வந்தவை பொறுக்க ஏலாது, இந்த மாதக் கடைசிக்குள்ள முடிவு சொல்லுங்கோ எண்டு நிக்கினம் எண்டு எழுதியிருக்கிறியள். அவசரம் அவையின்ர. நீங்கள் அதுக்குள்ள ஒண்டிலயும் கையெழுத்து வைக்கவேண்டாம், விருப்பக் கடிதம்தானே சும்மா எண்டு தந்தாலும் வேண்டாம். உள்விதிகள், பங்குப் பதிவேடு, அப்பான்ர மரணசாசன வழக்குக் கோப்பு, பேர் பதிஞ்ச பத்திரம், அம்மான்ர காணி உறுதி, கடைசி மூண்டு வருசக் கணக்கு, லைசென்ஸ் பிரதி, எல்லாத்தையும் ஒரு ஃபைலில போட்டுக்கொண்டு கம்பனிச் சட்டம் தெரிஞ்ச ஒரு வழக்கறிஞரிட்டப் போங்கோ. காணி வழக்குப் பேசுற உங்கட குடும்ப வழக்கறிஞர் இதுக்குக் காணாது. தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அதுக்கு முதல் நாள் இரவு ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் ஒரு கோல் எடுத்து, உங்கட காசை வாங்கித் தாறதுக்குத்தான் நான் வழி பாக்கிறன், கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொல்லுங்கோ.